பிள்ளை இல்லையென்று யாரைக் கேட்கிறீர்கள்?

மருந்தாளரான என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் வாங்கும் மருந்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது. கணவன் மனைவியாக இருந்தாலும் சரி, அப்பா மகனாக இருந்தாலும் சரி. பெரிய நகரத்தில் இதைக் காப்பாற்றுவது சுலபம், வருகிறவர் யார், அவர் வீட்டில் யார் யார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் அப்படி இல்லை. டோவன்பியிலிருந்தும் எல்பிலிலிருந்தும் ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குக் குடிவந்தவர்களின் மூன்று தலைமுறை எனக்குத் தெரியும். யாருக்கு இனிப்பு நீர், யாருக்கு ரத்தக் கொதிப்பு, எந்த வீட்டுப் பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், எந்த வீட்டில் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் தொட்டில் கட்டவில்லை, எல்லாம் மாத்திரையோடு சேர்ந்து கல்லாவுக்கு வந்துவிடும். கேட்டுக்கொள்வதும், கேட்டதை அங்கேயே விட்டுவிடுவதும்தான் இந்த வேலையில் பாதி.

அந்த விதி ஒரு முறை என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சம்பந்தப்பட்ட கணவன், மனைவி இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் எதுவும் இல்லை, ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து சம்பந்தப்பட்டவை மட்டும் மாறவில்லை.

இன்சுலின் ஊசி இல்லை அது

"அக்கா, ஊசி இருக்கா? தாத்தாவுக்கு. இனிப்பு நீர்." ஜிம்முக்குப் போகும் பையன்கள் இப்படித்தான் முதலில் வருவார்கள். நான் இன்சுலின் ஊசியை எடுத்து வைப்பேன். ஒரு மில்லி கொள்ளும் சின்னக் குழாய், மயிரிழை போன்ற ஊசி. "இது இல்லக்கா, பெருசு. மூணு மில்லி. ஊசி இருபத்து மூணு நம்பர்." இன்சுலினைத் தோலுக்கு அடியில் போடுவார்கள், அதற்கு இவ்வளவு நீளமும் பருமனும் வேண்டாம். இருபத்து மூன்றாம் நம்பர் ஊசி தசைக்குள் போவதற்கு. எண்ணெயில் கரைத்த மருந்து கெட்டியாக இருப்பதால் அதை உறிஞ்ச இன்னும் பருமனான ஊசி ஒன்றும் சேர்த்துக் கேட்பார்கள். கேட்கிறவன் கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போய், முதுகில் கொப்புளம் கொப்புளமாகப் பரு வெடித்து, சட்டைக் கை தைத்த இடத்தில் பிரிந்துவிடும் போல நிற்பான். தாத்தாவுக்கு எதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊசியை நான் கொடுத்துவிடுவேன். கொடுக்காவிட்டால் ஒரே ஊசியை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள், அதன் பிறகு வருவது ஈரல் அழற்சியும் எச்ஐவியும். இதை ஆட்சேபிக்கிற சக மருந்தாளர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். மருந்தை மட்டும் கொடுக்க முடியாது. தசை பெருக இவர்கள் ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, மருத்துவர் எழுதிய சீட்டு வேண்டும். ஆனால் அவர்கள் என்னிடம் மருந்து கேட்பதே இல்லை. அது வாட்ஸ்அப்பில் வருகிறது, பார்சலில் வருகிறது. ஒரு பையன் ஒரு தடவை குப்பியைக் கொண்டுவந்து காட்டினான். மேலே பளபளவென்று சிங்கத்தின் படம். இந்த நாட்டில் பதிவு செய்த மருந்து என்றால் மால் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்க வேண்டும், சீட்டோடு வாங்கும் மருந்தாக இருந்தால் அந்த எண் ஏ என்ற எழுத்தில் முடியும். இதில் எதுவும் இல்லை. உள்ளே இருப்பது டெஸ்டோஸ்டிரோனா, எவ்வளவு, என்ன எண்ணெய், யார் வீட்டு அடுப்படியில் அடைத்தது, யாருக்குத் தெரியும்.

இந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். கடைவீதியில் ஒரு மாடியில் இருக்கிற ஜிம்முக்கு நான் போய்ப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த இரும்பு, ஒரு பெரிய மின்விசிறி, சுவரில் முருகன் படம், சத்தமாகப் பாட்டு. சாயங்காலம் வேலை முடிந்து தொழிற்சாலை உடுப்போடு வருகிறார்கள், லோரி ஓட்டிவிட்டு வருகிறார்கள். அந்த ஜிம் இல்லாவிட்டால் அவர்களில் சிலர் எந்தக் கும்பலோடு சேர்ந்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இவர்களின் தாத்தாக்கள் விடிகாலை இருட்டில் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு, நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் பால்மரம் சீவி, தோளில் கம்பைப் போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்தவர்கள். அவர்கள் உடம்பு அப்படித்தான் உரமேறியது, அதற்கு யாரும் கைதட்டவில்லை. பேரனுக்குத் தோட்டமும் இல்லை, படிப்பில் பெரிதாக ஒன்றும் வரவில்லை, சம்பளம் கைக்கும் வாய்க்கும். ஆனால் கைகளும் மார்பும் விரிந்த பிறகு ஊரில் அண்ணே என்று கூப்பிடுகிறார்கள், கல்யாண வீட்டில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், தைப்பூசத்துக்குப் பெரிய காவடி எடுக்க முன்னால் நிறுத்துகிறார்கள். அவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அந்த உடம்புதான் என்றால் அதை விட்டுக்கொடுக்க அவன் ஏன் சம்மதிப்பான்?

மருந்து வேலை செய்யும், அதுதான் சிக்கல்

அவர்களிடம் பேசுகிற பெரியவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிக்காது. "அதெல்லாம் சும்மா தண்ணி, வெறும் வீக்கம், ஊசியை நிறுத்தினா காத்து போயிடும்" என்பார்கள். பையன் கண்ணாடியில் பார்க்கிறான், அவனுக்குத் தெரியும் அது பொய் என்று. 1996-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், 10 வாரம். ஊசியும் போட்டுப் பயிற்சியும் செய்த ஆண்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சராசரி 6 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டு, எடை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கே 3 கிலோவுக்கு மேல் கூடியது, வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதிகம். இது தெரிந்த பையனிடம் மருந்து வேலை செய்யாது என்று சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான். ரத்தம் கெட்டியாகும் என்றாலும் நம்ப மாட்டான், இதயச் சுவர் தடிக்கும் என்றாலும் நம்ப மாட்டான். டென்மார்க்கில் உடற்பயிற்சி மையங்களில் சோதித்து ஸ்டீராய்டு, அதாவது டெஸ்டோஸ்டிரோன் வகை மருந்து, எடுப்பதாகக் கண்டறிந்த 545 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதே வயதுடைய மற்ற ஆண்களைப்போல மூன்று மடங்கு இறப்பு இருந்தது. அதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

இப்போது பையன்கள் படித்துக்கொண்டும் வருகிறார்கள். "அக்கா, 2023-லேயே பெரிய ஆராய்ச்சி வந்துருச்சு, ஹார்ட்டுக்கு ஒன்னும் ஆகாது." யூடியூபில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆய்வு உண்மைதான், டிராவர்ஸ் என்று பெயர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம் இரண்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகமாகவில்லை. ஆனால் அந்த ஆண்களின் வயது 45 முதல் 80 வரை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் நிஜமாகவே குறைவு, அதற்கான அறிகுறிகளும் இருந்தன. தோலில் பூசும் ஜெல்லைக் கொடுத்து, ரத்தத்தில் அளவு இயல்பைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் இதயத் துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவது மூன்றும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. குறைபாட்டுக்கு ஊசியாகக் கொடுத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராம். என் கடைக்கு ஊசி வாங்க வருகிறவன் போடுவது 500, அதற்கு மேல் வேறு இரண்டு சரக்கு. அந்த ஆய்வு இவனைப் பற்றியதே இல்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, நாற்பதைத் தாண்டியவர்கள். தொப்பை, அசதி, ராத்திரி குறட்டை, படுக்கையில் நாட்டமில்லை. "டெஸ்டோ குறைஞ்சிருக்கும்மா, ஏதாச்சும் கொடு" என்பார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவும் வயிற்றுக் கொழுப்பும் டெஸ்டோஸ்டிரோனை இறக்கும், அது நிஜம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பி கெட்டுப்போகவில்லை, எடை இறங்கினால் அளவும் ஏறும். 2021-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைக்கும் திட்டத்தோடு இரண்டு வருஷம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கே முடிவில் நீரிழிவு இருந்தது, அதே திட்டத்தோடு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 21. நல்ல செய்திதான். ஆனால் மருந்து எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சிவப்பணு எல்லை மீறி ரத்தம் கெட்டியானது. கண்காணிக்க மருத்துவர் இல்லாமல் தொடக்கூடிய மருந்தே இல்லை இது. இவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காலையில், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்களா? சாயங்காலம் எடுத்த ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு யாருக்கும் குறைபாடு என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் காலையில் ஏறி இருப்பது பகலில் தானாக இறங்கும்.

உரிமை உள்ளவர் ஒளித்து வாங்குகிறார்

இதே மருந்து நிஜமாகவே தேவைப்படுகிறவர் ஒருவரும் எங்கள் ஊரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, மூக்கு வழியாக அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் அந்தச் சுரப்பி கட்டளையிட்டால்தான் மற்ற சுரப்பிகள் வேலை செய்யும். அதனால் ஹைட்ரோகார்டிசோன், தைராக்சின், அதோடு டெஸ்டோஸ்டிரோனும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 1000 மில்லிகிராம், நான்கு மில்லி விளக்கெண்ணெய்யில் கரைத்தது. தாதி அதை மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் மூச்சுத் திணறும். அந்த மருந்து தொடங்கிய பிறகுதான் அவர் முகத்தில் மறுபடி தாடி வளர்ந்தது, கட்டிலை விட்டு எழுந்து தோட்ட வேலை செய்தார், எலும்பு தேயும் வேகம் குறைந்தது.

அவர் கடைக்கு வரும்போது வேறு யாராவது இருந்தால் நாளிதழைப் புரட்டிக்கொண்டு காத்திருப்பார். எல்லாரும் போன பிறகு மெல்ல வந்து, "வந்துருச்சாம்மா?" என்று மட்டும் கேட்பார். பெட்டியைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கச் சொல்வார். ஒரு நாள் நான் கேட்டேன், "சார், இது இனிப்பு நீர் மருந்து மாதிரிதானே, ஏன் சார்?" அவர் சொன்னது: "உனக்குத் தெரியும். ஊர் அப்படியா பார்க்கும்? வயசான காலத்துல வாத்தியாருக்கு என்ன ஆசைன்னு பேசுவான்." பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் ஆண்கள் ஏறக்குறைய 600 பேரில் ஒருவர் என்று கணக்கு, கிளைன்ஃபெல்டர் என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை பரிசோதிக்கப்படாமலே போகிறார்கள். தலசீமியாவுக்காக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து சேர்ந்து இதே சுரப்பி கெடுவது உண்டு. இவர்கள் யாருக்கும் இது உடம்பு காட்டுகிற மருந்து இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்காதது இதுதான்: தேவை உள்ளவர் திருடன் மாதிரி வாங்குகிறார், தேவையில்லாதவன் சிங்கப் படத்தைப் போனில் போட்டுப் பெருமையடிக்கிறான்.

அந்த ஒரு மத்தியானம்

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண் மாதாமாதம் வருவாள். நர்சரி ஆசிரியை, அமைதியான பெண். கருமுட்டை வெளியாகும் நாளைப் பார்க்கும் சோதனைக் குச்சிகள், ஃபோலிக் அமிலம், சில மாதங்களில் கர்ப்பச் சோதனைக் குச்சியும். அதை வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் அவள் என் கண்ணைப் பார்க்க மாட்டாள். மாமியார் அவளை ஆலமரம் சுற்றவைத்தார், யாரோ கொடுத்த வேர்ப்பொடியைக் குடிக்கவைத்தார், அவள் வயிறு புண்ணாகி என்னிடம் மாத்திரைக்கு வந்தாள். தைராய்டு பார்த்தார்கள், கர்ப்பப்பையை ஸ்கேன் செய்தார்கள். பிறகு ஈப்போவில் ஒரு தனியார் இடத்தில் கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று செய்துகொண்ட பெண்களுக்குத்தான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் கணவனை யாரும் ஒரு சோதனைக்கு அனுப்பவில்லை. பிள்ளை பெறாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் வலி இல்லை, ஊசி இல்லை, மயக்கம் இல்லை, செலவும் குறைவு. ஆனால் அவனை யார் அனுப்புவது? அவனைப் பார்த்தாலே போதுமே, அவனிடம் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு மத்தியானம் கடையில் ஈ ஆடவில்லை. அவளை மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி நின்றவன், இருபத்து மூன்றாம் நம்பர் ஊசி வாங்கும் பையன். அதுவரை இருவரையும் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவள் சோதனைக் குச்சிக்குக் காசைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதில் நிற்கிறது, எனக்கு வாயைத் திறக்க உரிமையில்லை.

எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் அந்தப் பையன்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. வீட்டுக் கூரைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மிதவை ஏறிக் குழாயை அடைத்துவிடும், அதே மாதிரிதான் உடம்பும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து ஊசியில் ஊற்றினால் நிறைந்துவிட்டது என்று எண்ணி, விதைகளுக்கு அனுப்பும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. விதைக்குள் விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் அங்கேயே சுரக்க வேண்டும். அந்தச் சுரப்பு நின்றுவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. விந்தணு குறைந்து, பலருக்கு அறவே இல்லாமல் போகும், விதைகளும் சுருங்கும். இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோனை, வாரத்துக்கு 200 மில்லிகிராம், ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்துப் பார்த்தது. 1990-இல் முடிவு வெளியானது. 271 ஆண்களில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு பூஜ்யம். அந்த அளவைப்போல இரண்டரை மடங்கைத் தனக்குத்தானே ஏற்றிக்கொண்டு, அவன் மனைவியோடு பிள்ளைக்குக் காத்திருந்தான்.

அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே கிடந்தேன். அவளிடம் சொன்னால் விதியை மீறுகிறேன், அது அவன் நம்பிக்கையை உடைப்பது. சொல்லாமல் இருந்தால் அடுத்து அவளை வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கொண்டுபோவார்கள், அதைப் பற்றி மாமியார் அப்போதே பேச ஆரம்பித்திருந்தார். விடியும் நேரத்தில்தான் தெளிந்தது. அவன் வாங்கும் ஊசியைப் பற்றி அவனிடமே பேச எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. அது என் வேலையும்கூட.

அவன் அடுத்த முறை தனியாக வந்தபோது கடைக்குள் சின்ன அறையில் உட்காரவைத்தேன். "தம்பி, இது தாத்தாவுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும், திட்டப்போறதில்ல. ஒன்னு மட்டும் கேக்கிறேன், பிள்ளை வேணும்னு இருக்கீங்களா?" என்றேன். முதலில் சிரித்தான். "அதுக்கு இது நல்லதுதானேக்கா? இது போட்டா எல்லாம் ஜாஸ்தியாவும்." அவன் உண்மையாகவே அப்படி நம்பினான். மருந்து விற்றவன் அப்படிச் சொல்லியிருந்தான், அவன் உடம்பில் ஆசையும் வேகமும் கூடியிருந்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் கருத்தடை ஆய்வைப் பற்றிச் சொன்னேன். ஒரு தாளில் மூளை, சுரப்பி, விதை என்று கோடு போட்டுக் காட்டினேன். சிரிப்பு போயிற்று. "சைக்கிள் முடிச்சு பிசிடி போட்டா சரியாயிடும்னு சொன்னாங்களே" என்றான். சில வாரம் ஊசி போடும் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் என்று பெயர், அது முடிந்ததும் சொந்தச் சுரப்பை எழுப்பப் போடும் மருந்துகளுக்குப் பிசிடி. ஒரு சைக்கிளுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எத்தனை நாள் நிறுத்துவாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, நிறுத்துவதில்லை, அளவைக் குறைத்துக்கொள்வேன் என்றான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் அவன் கேட்டது, "அவளுக்குத் தெரிஞ்சா?" என்பதுதான்.

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. எங்கே போய் விந்துப் பரிசோதனை எடுப்பது, இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விலகியிருந்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மில்லி விந்தில் ஒரு கோடியே 60 லட்சம் விந்தணு என்பதுதான் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும் கீழ் எல்லை. அவனுடைய முடிவில் பூஜ்யம்.

அதற்குப் பிறகு

அவனே அவளிடம் சொன்னான், அதை அவன் கணக்கில் வைக்க வேண்டும். சில நாள் கழித்து அவள் வந்தாள், எதுவும் வாங்கவில்லை. நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அக்கா, பிள்ளை இல்லாதது எனக்குக் கோவம் இல்ல. எனக்கு டியூப் டெஸ்ட் எடுத்தப்போ இவர் வெளிய உக்காந்திருந்தாரு. அவங்கம்மா என்னைக் கேட்டப்பல்லாம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தெரியாதுன்னு சொல்றாரு. தெரியாதுன்னா, நானும் போய் ஒரு டெஸ்ட் எடுக்கிறேன்னு ஒரு தடவை தோணலியா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அவனிடமும் இருக்காது. ஊசி அவன் உடம்பில் ஏறியது, தண்டனை முழுக்க அவள் உடம்பில் நடந்தது. ஜிம் பையன்களின் ஊசி அவர்கள் சொந்த விஷயம், அவர்கள் உடம்பு அவர்கள் இஷ்டம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

நிறுத்துவது சுலபமாக இருக்கவில்லை. மருந்தை விட்டதும் வெளியிலிருந்து வந்தது தீர்ந்துவிட்டது, உள்ளே சுரப்பதும் இன்னும் எழுந்திருக்கவில்லை. எடை கரைந்தது, தூக்கம் போயிற்று, யாரோடும் பேசாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தான். இந்தக் கட்டத்தில் மனச்சோர்வு ஆபத்தாகவே வரலாம், பலர் தாங்க முடியாமல் மறுபடியும் ஊசிக்குப் போவதும் இதனால்தான். நல்ல வேளை, ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் போய்விட்டான். எல்எச் வேலையைச் செய்யும் எச்சிஜி ஊசியைத் தொடங்கினார்கள். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது, அதனால் வாராவாரம் சோதித்துப் பார்த்துப் பயனில்லை. கருத்தடை ஆய்வுகளில் கலந்துகொண்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் எண்ணிக்கை மீண்டது, சிலருக்கு இரண்டு வருஷம் ஆனது. ஆனால் அவர்கள் மருத்துவர் பார்வையில், தெரிந்த மருந்தை, அளவோடு எடுத்தவர்கள். வருஷக்கணக்காக நாலைந்து சரக்கைக் கலந்து ஏற்றியவனுக்கு அந்தக் கணக்கை வாக்காகக் கொடுக்க முடியாது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்.

ஜிம் மாஸ்டரிடமும் பேசினேன். பழைய காலத்து ஆள், ஊசி தொடாமல் ஆணழகன் போட்டியில் நின்றவர். "நான் சொன்னா இவனுங்க அடுத்த ஜிம்முக்குப் போயிடுவானுங்கம்மா" என்று வருத்தப்பட்டார். ஆனால் கல்யாணம் நிச்சயமான பையன்களை மட்டும் என்னிடம் அனுப்பிவைக்கிறார். நான் மார்பு பெருக்கும், முடி கொட்டும், ஈரல் கெடும் என்று அடுக்குவதில்லை. கருத்தடை ஊசி என்பதை மட்டும்தான் முதலில் சொல்கிறேன். அதைக் கேட்டுச் சிரிக்கிற பையனை இன்னும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக எடுத்த சோதனையில் அவனுக்குக் கொஞ்சம் விந்தணு தெரிந்திருக்கிறது, இயல்புக்கு வெகு கீழே. அவள் குச்சி வாங்குவதை நிறுத்திவிட்டாள், அவசரமில்லை என்கிறாள். அவன் அம்மாவுக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது, அவர் இன்னமும் வேர்ப்பொடி தேடிக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு நாத்தனார், பெரியம்மா என்று எல்லாரும் வீட்டில் கூடுவார்கள், அதற்குள் அவனே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் சோதனைத் தாளை எடுத்து நானே படிப்பேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் செய்வாள். செய்ய வேண்டும் என்றுதான் நானும் அவளிடம் சொன்னேன்.